வெள்ளைச் சாலைகளைக் காத்த மிதிவண்டிகள்

இத்தாலியில் புளோரன்ஸ், சியனா ஆகிய நகரங்களுக்கு இடையே கியாந்தி என்னும் குன்றுப் பகுதி உள்ளது. குன்றுச் சரிவுகளில் திராட்சைத் தோட்டங்களும் ஒலிவ மரங்களும் நிறைந்துள்ளன. அவற்றின் நடுவே வளைந்து செல்லும் சரளைக்கல் சாலைகளை இத்தாலியர் ‘வெள்ளைச் சாலைகள்’ என்று அழைக்கின்றனர். வெளிறிய கற்களே அப்பெயருக்குக் காரணம்.

வெயிலில் புழுதி, மழையில் சேறு என இச்சாலைகள் சிரமம் தந்ததால் பல சாலைகளுக்குத் தார் போடப்பட்டது. பயணம் எளிதானது. ஆனால், அமைதியான பழைய சாலைகள் ஒவ்வொன்றாக மறையத் தொடங்கின.

எஞ்சியவற்றைக் காக்க விரும்பிய ஜான்கார்லோ புரோச்சி, 1997ஆம் ஆண்டு கையோலே என்ற சிற்றூரில் ‘எரோய்க்கா’ என்னும் மிதிவண்டிப் பயணத்தைத் தொடங்கினார். முதல் பயணத்தில் 92 பேர் கலந்துகொண்டனர். இது போட்டியன்று. பங்கேற்போர் பழங்கால மிதிவண்டிகளில், அக்கால முறைப்படி கம்பளிச் சட்டை அணிந்து செல்கின்றனர். செங்குத்தான ஏற்றங்களில் சிலர் இறங்கித் தள்ளிக்கொண்டும் நடப்பர்.

இன்று பல நாடுகளிலிருந்து ஆயிரக்கணக்கானோர் இதில் பங்கேற்கின்றனர். 200 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பாதையில் வழிகாட்டிப் பலகைகள் நிறுவப்பட்டுள்ளதால், மற்ற நாள்களிலும் எவரும் அங்கு மிதிவண்டி ஓட்டலாம். 2007ஆம் ஆண்டு முதல், தொழில்முறை வீரர்களுக்கான பந்தயம் ஒன்றும் இத்தகைய சாலைகளில் நடைபெற்று வருகிறது.

புழுதிச் சாலை என்று ஒதுக்கப்பட்டதே இன்று விருந்தினரை ஊருக்கு அழைத்து வருகிறது. பழமையைப் போற்றுவதோடு நில்லாமல் அதைப் பயன்படுத்தினால்தான் அது நிலைக்கும் என்பதற்குக் கியாந்தியின் சாலைகள் சான்றாகும்.