அருகிருந்து பேணும் அறிவியல்

நோய் தீர எவையெவை வேண்டும்? நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணுபவர் என நான்கைக் கூறுகிறது திருக்குறளின் மருந்து அதிகாரம். பேணுபவரை மருத்துவருக்கு இணையாக நிறுத்தினார் வள்ளுவர். அவரிடம் அன்பு, தூய்மை, சொன்னதைச் சொன்னவாறு செய்யும் திறம், அறிவு ஆகிய நான்கும் அமைய வேண்டும் என்பது பரிமேலழகர் தரும் விளக்கம். இன்றைய செவிலியர் கல்வியின் அடிப்படையும் இவையே.

முதலில் தூய்மை. அதன் அருமையை என் பெற்றோர் குடியேறிய சாத்தம் தீவின் வரலாறே சொல்லும். 1789ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் அந்தமானில் முதற் குடியிருப்பை இங்குதான் அமைத்தனர். 1792இல் அதை வட அந்தமானுக்கு மாற்றினர். நோயும் சாவும் மிகுந்தமையால் 1796இல் கைவிட்டனர். 1858இல் கைதிகளைக் கொண்டுவந்து மீண்டும் சாத்தத்தில் காடு வெட்டத் தொடங்கினர். அதே ஆண்டில் இங்கிலாந்தில் பிளாரன்சு நைட்டிங்கேல் அம்மையார், கிரிமியப் போரின் இறப்புக் கணக்கை வண்ணப் படமாக வெளியிட்டார். போர்க்காயத்தால் இறந்தவரைவிட, தடுத்திருக்கக்கூடிய நோய்களால் இறந்தவரே மிகப் பலர் என்பதை அப்படம் காட்டிற்று. 1855இல் ஸ்கூட்டாரி மருத்துவமனையின் சாக்கடைகளைத் துப்புரவாக்கிக் காற்றோட்டம் அமைத்தபின் அங்கே இறப்பு பெரிதும் குறைந்தது. இன்று அத்தூய்மை கையிலிருந்து தொடங்குகிறது: நோயாளியைத் தொடுமுன்னும் தொட்டபின்னும் சோப்பிட்டு 40 முதல் 60 நொடி வரை கழுவ வேண்டும்.

அடுத்தது திறம். மருந்து கொடுக்குமுன் ஐந்தைச் சரிபார்ப்பது செவிலியர் கடமை: ஆள், மருந்து, அளவு, கொடுக்கும் வழி, நேரம். "நீங்கள் இன்னார்தாமே?" என்று கேட்டால் அரைத்தூக்கத்திலிருப்பவர் எதற்கும் "ஆம்" என்பார். ஆகவே, "உங்கள் பெயர் என்ன?" என்றே கேட்க வேண்டும்.

மூன்றாவது அறிவு, அஃதாவது கூர்ந்து நோக்கிக் குறித்து வைத்தல். மூச்சை ஒரு நிமிடம் முழுவதும் எண்ண வேண்டும். நோய் முற்றுவதற்கு முன்னரே மூச்சின் வேகம் பலருக்கு மாறிவிடும். சிறு தீவிலுள்ள நோயாளி பெரிய மருத்துவமனைக்குக் கப்பலிலோ ஹெலிகாப்டரிலோ வர வேண்டும். அங்கே ஒரு மணி நேரம் முந்திக் கண்ட அறிகுறி ஓர் உயிரின் விலையன்றோ!

அன்புக்குச் சான்று நம் தீவுகளிலேயே உண்டு. சிறிய அந்தமானின் டுகாங் கிரீக்கில் ஓங்கே பழங்குடியினரிடையே பணியாற்றியவர் செவிலியர் சாந்தி தெரசா லக்ரா. 2004 ஆழிப்பேரலைக்குப் பின்னும் அம்மக்களை விட்டு அவர் நீங்கவில்லை. 2011ஆம் ஆண்டில் அவருக்குப் பத்மசிறீ விருது வழங்கப்பட்டது.

மாணவ நண்பர்களே! வீட்டைப் பிரிந்து விடுதியில் வாழும் நமக்கு, நோயுற்ற தோழனின் கட்டிலருகே அமரும் நாள் வரலாம். அன்று செவிலியரைக் கேளாமல் குளுக்கோஸ் இறங்கும் வேகத்தை மாற்றாதீர்கள்; மயக்கத்திலிருப்பவர் வாயில் நீர் ஊற்றாதீர்கள். அறிவில்லாத அன்பு ஆபத்தாய் முடியும். கையைக் கழுவுங்கள், காய்ச்சலின் அளவையும் நேரத்தையும் எழுதுங்கள், மாறுதல் கண்டால் உடனே செவிலியரிடம் சொல்லுங்கள். வள்ளுவர் சொன்ன நால்வருள் ஒருவராக அன்று நாமும் நிற்போம்.