மாடிப் பேருந்தும் பயணிகளின் கருத்தும்

திருப்பதி மாநகராட்சி 2023-ஆம் ஆண்டில் மின்சாரத்தால் இயங்கும் மாடிப் பேருந்து ஒன்றை நகர வீதிகளில் ஓடவிட்டது. ‘டபுள் டெக்கர்’ என்று மக்கள் அழைக்கும் இவ்வகை வண்டி சென்னைவாசிகளுக்குப் புதிதன்று. பாரிமுனைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 18ஏ தடத்தில் 2008 வரை அது ஓடியது. ஆனால் சித்தூர்ப் பகுதியின் சிற்றூர்களிலிருந்து வருவோருக்கு அது ஒரு காட்சிப் பொருளே. இத்தகைய புதிய வண்டி புகுத்தப்படும்போது பயணிகளின் கருத்தை எவ்வாறு அறிவது, அதற்கு எவ்வளவு மதிப்பளிப்பது என்பது போக்குவரத்துத் திட்டமிடுவோர் முன்னுள்ள கேள்வியாகும்.

திருப்பதியில் இக்கேள்வி எளிதானதன்று. ஒரே பேருந்தில் இருவகைப் பயணிகள் அருகருகே அமர்கின்றனர். தரிசனம் முடித்து, முடி காணிக்கை செலுத்தி, மூட்டை முடிச்சுகளுடன் திருச்சானூர் செல்லும் யாத்திரிகர் ஒருவகை. நாள்தோறும் அலுவலகத்துக்கும் கல்லூரிக்கும் சந்தைக்கும் செல்லும் நகரவாசி மற்றொரு வகை. முன்னவர் அவ்வண்டியில் ஒரு முறை ஏறுவார். மாடியின் முன்னிருக்கையில் அமர்ந்து ஏழுமலையைக் கண்ட மகிழ்ச்சியே அவருடைய கருத்தாக அமையும். பின்னவர் ஆண்டுக்கு அறுநூறு முறை ஏறுவார். இருவரிடமும் ஒரே வினாவைக் கேட்டு, விடைகளைக் கூட்டிச் சராசரி காண்பது கணக்குக்குச் சரி, நிர்வாகத்துக்கு உதவாது.

விசாகப்பட்டினத்தில் 2025 ஆகஸ்டில் தொடங்கிய மின்சார மாடிப் பேருந்துகள் சுற்றுலாவுக்கென்றே விடப்பட்டவை. அங்கு பயணியின் மகிழ்ச்சியே பயன் என்று கொள்ளலாம். நகரப் போக்குவரத்து வண்டிக்கு அந்த அளவுகோல் பொருந்தாது.

பயணிகளின் முதற்கருத்து பெரும்பாலும் மாடியைப் பற்றியதாகவும், குறைகள் படிக்கட்டைப் பற்றியதாகவும் இருப்பது இயல்பு. முதியோரும் கைக்குழந்தையுடன் வரும் தாய்மாரும் கீழ்த்தளத்தையே நாடுவர். அங்கு இடமில்லாதபோது, மேலே இருக்கைகள் காலியாக இருப்பினும் கீழே நின்றுகொண்டே பயணம் செய்வர். ஆகவே வண்டியில் எத்தனை இருக்கைகள் உள்ளன என்பது வேறு, எத்தனை இருக்கைகள் பயன்படுகின்றன என்பது வேறு. நேரமும் கவனிக்கத்தக்கது. மாடியிலிருந்து ஒருவர் இறங்க நான்கு விநாடி கூடுதலாகிறது என்றும், நிறுத்தத்துக்கு ஆறு பேர் இறங்குகின்றனர் என்றும் கொள்வோம். பத்து நிறுத்தங்களில் 240 விநாடிகள், அதாவது நான்கு நிமிடங்கள், இழப்பாகும். நிறுத்தங்கள் குறைந்த நீண்ட தடத்தில் இவ்வண்டி சிறப்பாகப் பயன்படுவதும், அடிக்கடி நிற்கும் தடத்தில் தடுமாறுவதும் இதனால்தான்.

பயணிகளின் குறை வண்டியின் அமைப்பையே மாற்றியதற்கு லண்டன் நகரம் சான்று. அங்கு 2012-இல் அறிமுகமான புதிய மாடிப் பேருந்துகளில் திறக்கும் சன்னல்கள் இல்லை. கோடையில் மேல்தளம் தாங்கொணா வெப்பமாயிற்று என்று பயணிகள் முறையிட்டனர். முடிவில், 2015-இல், திறக்கும் சன்னல்களைப் பொருத்த நிர்வாகம் முன்வந்தது. லண்டன் கோடைக்கே இந்நிலை என்றால், திருப்பதியின் சித்திரை வெயிலில் குளிர்சாதனம் ஒரு மணி நேரம் பழுதானால் என்ன ஆகும் என்பதை வண்டி வாங்குமுன் சிந்திப்பது நல்லது.

சில செய்திகளைப் பயணிகள் கூறமாட்டார்கள்; அவர்களுக்குத் தெரியவும் நியாயமில்லை. மத்திய மோட்டார் வாகன விதிகள் மாடிப் பேருந்துக்கு 4.75 மீட்டர் உயரம் வரை இடமளிக்கின்றன. அவ்வுயரத்துக்கு மரக்கிளைகளும் மின்கம்பிகளும் திருவிழாத் தோரணங்களும் தடையாகின்றன. கிளையை வெட்டினால் நிழல் போகும். அந்நிழலில் பேருந்துக்குக் காத்து நிற்பவரும் பயணியே!

மும்பையில் பழைய டீசல் மாடிப் பேருந்துகளின் கடைசிப் பயணம் 2023 செப்டம்பர் 15 அன்று நிகழ்ந்தது. மக்கள் திரண்டு வந்து விடைகொடுத்தனர். ஆயினும் அவ்வண்டிகள் மக்களின் வெறுப்பினால் விலக்கப்பட்டவையல்ல. வயது முடிந்தமையால் விலக்கப்பட்டவை. அன்புக்கும் பராமரிப்புச் செலவுக்கும் தனித்தனிக் கணக்கு உண்டு. அதே ஆண்டு பிப்ரவரியில் அங்கு மின்சார மாடிப் பேருந்துகள் ஓடத் தொடங்கியதையும் இங்கு நினைவுகூரலாம்.

திருப்பதியில் உண்மையான நெருக்கடி வேறிடத்தில் உள்ளது. மலைப்பாதைக்கு மாடிப் பேருந்து ஏற்றதன்று. வளைவுகளில் உயரமான வண்டியின் நிலைப்பு குறையும். அங்கு 2022 முதல் சாதாரண உயரமுள்ள மின்சாரப் பேருந்துகள் ஓடுகின்றன. எனவே மாடிப் பேருந்தின் களம் நகரமே. அந்நகரத்தில் ஒரு மாடிப் பேருந்தின் விலைக்குச் சாதாரண வண்டிகளை வாங்கினால் எத்தனை நடைகள் கூடும் என்று கேட்கும் உரிமை நகரவாசிக்கு உண்டு. இக்கேள்விக்கான விடை வண்டிக்குள் அமர்ந்திருப்பவரிடம் கிடைக்காது. அவருக்கு இடம் கிடைத்துவிட்டது. ரயில் நிலையத்திலும் அலிபிரியிலும் அடுத்த வண்டிக்காக நிற்பவரிடமே கேட்க வேண்டும்.

கேட்கும் மொழியும் முக்கியம். வினாத்தாள் தெலுங்கில் மட்டும் அச்சிடப்பட்டால், வேலூரிலிருந்தும் திருத்தணியிலிருந்தும் வரும் தமிழரும், கோலாரிலிருந்து வரும் கன்னடியரும் விடுபட்டுப்போவர். எழுதப் படிக்க அறியாதவருக்கு நடத்துநரே வாய்மொழியாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். ஆனால் நடத்துநரிடம் அவருடைய வண்டியைப் பற்றிக் குறை சொல்ல எவர் துணிவார்? அப்பணியை நிறுத்தத்தில் நிற்கும் கல்லூரி மாணவரிடம் ஒப்படைப்பதே மேல்.