சுண்டுவிரல் மரத்தவர் வந்தால்

எலும்பு மூட்டு ஓ.பி.யில் இந்த மாதம் உட்காரப் போகும் பிள்ளைகளுக்கு இது. "கை மரத்துப் போகுது டாக்டர்" என்று தினமும் ஆட்கள் வருவார்கள். பெரும்பாலும் மணிக்கட்டில் மீடியன் நரம்பு நசுங்கியிருக்கும். அடுத்தபடி அதிகம் நசுங்குவது முழங்கையில் ஓடும் அல்நார் நரம்பு. இதில் வலி பெரிதாக இராது. வலிக்காததை யாரும் அவசரமாகக் காட்ட வருவதில்லை. அதனால் நீங்கள்தான் அவசரப்பட வேண்டும்.

1. எந்த விரல் என்று கேளுங்கள். "கை முழுக்க" என்பார்கள், விடாதீர்கள். சுண்டுவிரல் முழுவதும், மோதிரவிரலில் சுண்டுவிரலை ஒட்டிய பாதியும் மட்டும் மரத்திருந்தால் அல்நார். ஒரே விரலின் நடுவில் கோடு கிழித்தாற்போல் உணர்ச்சி பிரிந்தால், கழுத்தில் நரம்பு வேர் அழுந்துவதை விட்டு இந்தப் பக்கம் வாருங்கள். அடுத்து ஒரு துணுக்குப் பஞ்சால் புறங்கையைத் தொடுங்கள். சுண்டுவிரல் பக்கத்துப் புறங்கையும் மரத்திருந்தால் கோளாறு மணிக்கட்டில் இல்லை, அதற்கு மேலே. அந்தத் தோலுக்குப் போகும் கிளை மணிக்கட்டுக்குச் சில சென்டிமீட்டர் முன்பே பிரிந்துவிடுகிறது.

2. கை மடங்கியிருக்கும் நேரத்தைக் கேளுங்கள். முழங்கையின் உள்பக்க எலும்பு மேட்டுக்குப் பின்னால் ஒரு பள்ளம் உண்டு. கதவில் இடித்துக்கொண்டால் கரண்ட் அடித்த மாதிரி சுண்டுவிரல் வரை சுர்ரென்று ஓடுமே, அந்த இடம். நரம்புக்கு மேலே அங்கே ஒரு பட்டையும் தோலும்தான் மூடி. கையை மடக்க மடக்கப் பட்டை இறுகும், வழி சப்பையாகும், நரம்பு இழுபடும். போனைக் காதில் வைத்தபடி ஒரு மணி நேரம், தலைக்கடியில் கையை மடக்கி ஒரு ராத்திரி, ஜன்னல் விளிம்பில் வலது முழங்கையை ஊன்றிய லாரிக்காரரின் ஒரு பயணம்: எல்லாம் ஒரே கதை.

3. இரண்டு கைகளையும் நீட்டச் சொல்லி அருகருகே வைத்துப் பாருங்கள். சட்டைக் கையைச் சுருட்டினால் போதாது, கழற்றச் சொல்லுங்கள். ஒரு கொத்தனார் வந்தார், ஐம்பது வயது. வலது கை முழங்கைக்குக் கீழே வெளிப்பக்கமாக விலகி நின்றது. "ஆறு வயசுல மரத்துலேர்ந்து விழுந்தேங்க, கட்டுப் போட்டாங்க, சரியாயிடுச்சு" என்றார். சரியாகவில்லை. முழங்கையின் வெளிப்பக்க எலும்புத்துண்டு ஒட்டாமலே நின்று, கை கோணலாக வளர்ந்து, நரம்பு நாற்பது வருடமாக இழுபட்டிருந்தது. சிறுவயது முறிவுக்கு நடுத்தர வயதில் வட்டி கட்டும் இந்த நோயை நம் ஊரில் இன்னும் பார்ப்பீர்கள்.

4. தொழுநோயை மறக்காதீர்கள். நான் மறந்தேன். பயிற்சிக் காலத்தில் ஒரு பையனுக்கு நரம்பு நசுங்கல் என்று எழுதி அறுவைப் பட்டியலில் சேர்த்துவிட்டேன். மேசையில் படுக்க வைத்தபோது மயக்க மருத்துவர்தான் முன்கையின் பின்பக்கத்தைக் காட்டினார்: வெளிறிய படை, முடியில்லை, கிள்ளினாலும் தெரியவில்லை. "அது தேமலுங்க" என்றான் அவன். முழங்கைக்குச் சற்று மேலே தொட்டுப் பார்த்திருந்தால் நரம்பு கயிறாகத் தடித்திருந்தது எனக்கே தெரிந்திருக்கும். அவனுக்கு முதலில் தேவை கத்தியல்ல. கூட்டு மருந்தும் நரம்பு வீக்கத்துக்கு ஸ்டீராய்டு மாத்திரையும். கூட்டு மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம். வேலூரில் பால் பிராண்ட் 1940-களின் கடைசியில் தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தத் தொடங்கினார். அதே மாநிலத்தில் படித்துவிட்டு நான் படையைப் பார்க்கவில்லை.

5. மேசையில் ஒரு செய்தித்தாள் இருக்கட்டும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டுக்கும் நடுவில் இரண்டு கைகளாலும் பிடிக்கச் சொல்லி இழுங்கள். நலமான கட்டைவிரல் நேராக அழுத்தும். கெட்ட பக்கத்தில் நகத்துக்குக் கீழேயுள்ள மூட்டு சட்டென்று மடங்கும், அல்நார் தசை கைவிட்ட வேலையை மீடியன் தசை எடுத்துக்கொள்வதால். பிரான்சில் ஃப்ரோமான் இதை 1915-இல் எழுதினார், உலகப்போர் நடுவில். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் புறங்கைச் சதை குழி விழுந்திருந்தால் காலம் கடந்துகொண்டிருக்கிறது என்று பொருள். இன்னொன்று: விரல்கள் அதிகம் கொக்கியாக வளையவில்லை என்று ஆறுதல் கொள்ளாதீர்கள். நரம்பு மேலே அடிபட்டால் வளைக்கும் தசையும் செத்துவிடும். அதனால்தான் மணிக்கட்டில் அடிபட்டவரைவிட முழங்கையில் அடிபட்டவர் கை நேராகத் தெரிகிறது.

6. நர்வ் கண்டக்ஷன் சோதனை உங்களுக்குத் துணை, எஜமானன் அல்ல. முழங்கையைக் கடக்கும்போது வேகம் வினாடிக்கு 50 மீட்டருக்குக் கீழே போனாலோ, முன்கை வேகத்தைவிட 10 மீட்டருக்கு மேல் குறைந்தாலோ நசுங்கலுக்குச் சாட்சி. ஆரம்பத்தில் எல்லாம் நார்மல் என்றே வரலாம்.

7. புகைபிடிப்பவர், தோளில் தீராத வலி, கூடவே ஒரு கண்ணிமை தொங்கல் என்றால் மார்புப் படம் எடுங்கள்: நுரையீரல் உச்சியில் கட்டி நரம்பை அழுத்தினாலும் சுண்டுவிரல் மரக்கும்.

8. சதை சூம்பாதவருக்கு முதல் மருந்து துண்டு. குளிக்கும் துண்டை முழங்கையில் சுற்றி, கை பாதிக்கு மேல் மடங்காதபடி இரவில் கட்டச் சொல்லுங்கள். ஊன்றாதே, போனை மறுகாதுக்கு மாற்று, மேசையில் பஞ்சு வை: இரண்டு மூன்று மாதம் இதைச் செய்தாலே தேறுபவர்கள் நிறைய. வெறும் பி12 ஊசி எழுதி அனுப்புவது எனக்குப் பிடிக்காது. குறைபாடு இருந்தால் எழுதுங்கள், இல்லாவிட்டால் அது காலத்தைத் தின்னும்.

9. தேறாதவருக்கும் சதை வற்றத் தொடங்கியவருக்கும் அறுவை. பட்டையை வெட்டி விடுவதும், நரம்பையே மேட்டின் முன்பக்கம் நகர்த்துவதும் பொதுவான வழிகள். ஒப்பிட்ட ஆய்வுகளில் பலன் ஏறக்குறைய ஒன்று, நகர்த்தினால் காயத்தில் தொல்லை சற்று அதிகம். ஆகவே எளியதைச் செய்யுங்கள். கை கோணியிருந்தால், அல்லது மடக்கும்போது நரம்பு மேட்டைத் தாண்டிக் குதித்தால் நகர்த்துங்கள். கத்தி வைக்குமுன் தோலுக்கடியில் ஓடும் சின்ன உணர்ச்சிக் கிளையைத் தேடுங்கள். அதை அறுத்தால் தழும்பைத் தொடும்போதெல்லாம் நோயாளி உங்களை நினைப்பார்.

10. கையெழுத்து வாங்குமுன் கணக்கைச் சொல்லுங்கள். நரம்பு வளர்வது நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் போல. முழங்கையிலிருந்து உள்ளங்கைச் சதைக்குச் சுமார் 30 சென்டிமீட்டர். ஒரு வருடம் ஒன்றரை வருடம் நரம்பில்லாமல் கிடந்த சதை பிறகு திரும்பாது. கொத்தனார் கேட்டார்: "கரணை பிடிக்க வருமா சார்?" மரமரப்பு குறையும், இருக்கும் பலம் நிற்கும், போன சதை வராமலும் போகலாம் என்றேன். கொஞ்ச நேரம் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்ப இடது கையில பழகிக்கிறேன், நீங்க செஞ்சிடுங்க" என்றார்.