வினா விடுக்கும் திங்களிதழ்

மாணவர்க்கு அறிவியலைக் கற்பிக்கும் இதழ்கள் இரு வகைப்படும். அறிஞர் கண்ட உண்மைகளை எடுத்துரைப்பது ஒரு வகை. மாணவரையே உண்மை காணுமாறு தூண்டுவது மற்றொரு வகை. இரண்டாம் வகைக்குச் சிறந்த எடுத்துக்காட்டாக விளங்குவது, ஐரோப்பாவின் நடுப்பகுதியிலுள்ள ஹங்கேரி நாட்டில் தோன்றிய ஒரு திங்களிதழாகும்.

அந்நாட்டின் ஜியோர் நகரில் தானியேல் அரானி என்னும் பள்ளியாசிரியர் வாழ்ந்தார். மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் பயிற்சிக் கணக்குகளை நிறைய வழங்க விரும்பிய அவர், 1894 ஆம் ஆண்டில் கணித இதழொன்றைத் தொடங்கினார். ஈராண்டுகளுக்குப் பின் லாஸ்லோ ராட்ஸ் என்னும் ஆசிரியர் அப்பொறுப்பை ஏற்று, 1914 வரை இதழைத் திறம்பட நடத்தினார்.

இதழில் திங்கள்தோறும் புதிய கணக்குகள் வெளிவரும். மாணவர் தாமே விடை கண்டு, அதனை அடைந்த வழியையும் விளக்கி, இதழுக்கு அனுப்புவர். பின்னர் வரும் இதழில், சரியான விடை கண்டோரின் பெயர்கள் வெளியாகும். சிறந்த விடையோ, அதனை எழுதிய மாணவரின் பெயராலேயே அச்சேறும். தலைநகரில் பயில்வோர்க்கும் தொலைவிலுள்ள சிற்றூரில் பயில்வோர்க்கும் வினா ஒன்றே, மதிப்பும் ஒன்றே.

பிற்காலத்தில் கணித மேதைகளாகப் புகழ்பெற்ற பால் எர்டோஷ், பால் டூரான் ஆகிய இருவரும் பள்ளிப் பருவத்தில் இவ்விதழுக்கு விடை எழுதியவர்களே. 1930 இல் பல்கலைக்கழகத்தில் நேரிற் சந்திக்கும் முன்னரே, ஒருவர் பெயரை மற்றவர் இவ்விதழின் வாயிலாக அறிந்திருந்தனர். அச்செழுத்தில் தொடங்கிய அவ்வறிமுகம் வாழ்நாள் நட்பாக வளர்ந்தது. இருவரும் இணைந்து ஆராய்ந்து, அரிய கட்டுரைகள் பலவற்றை வெளியிட்டனர்.

இதழின் வாழ்வு இடையூறின்றி நடைபெறவில்லை. 1914 இல் மூண்ட முதல் உலகப்போரால் அது நின்றுபோயிற்று. 1925 இல் ஆண்டோர் ஃபராகோ என்னும் ஆசிரியர் அதற்கு மீண்டும் உயிரூட்டினார். கணிதத்தோடு இயற்பியல் வினாக்களும் அதில் இடம்பெற்றன. இரண்டாம் உலகப்போர் மறுபடியும் அதனை நிறுத்தியது. 1947 இல் மீண்டும் எழுந்த அவ்விதழ், இன்றும் வெளிவருகின்றது.

இருமுறை வீழ்ந்த இதழை மீண்டும் எழுப்பியது எது? விடையைக் கேட்டறிவதினும் தேடிக் காண்பதே மேலான கல்வி என்னும் உறுதியே. பிறர் கூறிய விடை நினைவிலிருந்து நழுவலாம். தானே முயன்று கண்ட விடையோ, அடுத்த வினாவை எதிர்கொள்ளும் ஆற்றலாக மாணவனிடம் நிலைத்து நிற்கும்.