ஒன்பதாம் இடம்

மருத்துவப் படிப்பிற்கான நீட் தேர்வு முடிவு வெளியாகும் நாளில், சில இல்லங்களில் மகிழ்ச்சியும் பல இல்லங்களில் துயரமும் குடிபுகுகின்றன. அத்துயரத்தை எதிர்கொள்ளும் முறையை, இராமநாதபுரக் கடற்கரை ஈன்ற ஒருவரின் வாழ்விலிருந்து கற்போமாக.

1931இல் இராமேசுவரத்தில் பிறந்து, இராமநாதபுரம் சுவார்ட்ஸ் உயர்நிலைப் பள்ளியில் பயின்றவர் டாக்டர் அப்துல் கலாம். விமானியாதல் அவர்தம் பேரவா. பொறியியல் கற்றபின், டேராடூனில் விமானப்படைத் தேர்விற்குச் சென்றார். வந்தோர் 25 பேர். தெரிவு பெற்றோர் 8 பேர். அவர் அடைந்ததோ 9ஆம் இடம்! இன்னுமோர் இடம் இருந்திருப்பின் அவரும் விமானியாகியிருப்பார்.

மனம் நொந்து ரிஷிகேசம் சென்றார். சுவாமி சிவானந்தரிடம் தம் துயரைச் சொல்லித் தெளிவு பெற்றார். பின்னர்த் தில்லியில் கிடைத்த தொழில்நுட்பப் பணியை ஏற்றார். 1980இல் ரோகிணியை விண்ணில் நிறுத்திய எஸ்.எல்.வி.-3 திட்டத்தின் இயக்குநர் அவரே. 2002இல் குடியரசுத் தலைவரானார். 1999இல் வெளிவந்த தம் வரலாற்று நூலில் அத்தோல்வியை அவர் மறைத்தாரல்லர்.

இராமநாதபுரத்தில் 2022இல் திறக்கப்பெற்ற அரசு மருத்துவக் கல்லூரியில் ஆண்டுக்கு 100 இடங்களே உள. 101ஆவது மாணவர் அறிவிலி ஆவரோ?

ஆதலின் பெற்றோரே, முதல் சில நாள்கள் பிள்ளையைப் பிறரோடு ஒப்பிடாதீர்; எம்முடிவும் எடுக்காதீர். மனம் ஆறியபின், மீண்டும் தேர்வெழுதுவதா, செவிலியம், மருந்தியல், இயன்முறை மருத்துவம் போன்றவற்றைக் கற்பதா என்பதைப் பிள்ளையோடு அமர்ந்து ஆராய்க. உணவும் உறக்கமும் நீங்கி, வாழ்வே வேண்டா என்னும் சொல் எழுமாயின், தனியே விடாது உடனிருந்து, 104 அல்லது 14416 என்னும் எண்ணில் உதவி நாடுக.

மதிப்பெண்ணை அடுத்த ஆண்டும் பெறலாம். பிள்ளையை மீண்டும் பெறல் அரிது.