துத்தநாகம் போட்டும் பயிர் துருப்பிடித்தது

சம்பா நட்டு இருபது நாள் ஆகியும் எங்கள் பள்ளக்கால் வயலில் பயிர் பச்சை கட்டவில்லை, தூரும் வெடிக்கவில்லை. இளம் இலையின் அடியில் நடுநரம்பு வெளுத்திருந்தது. கீழ் இலைகளில் துரு தெளித்த மாதிரி புள்ளிகள். யூரியா போட்டேன், மாற்றமே இல்லை.

இலையைப் பறித்துக்கொண்டு 1922-லிருந்து ஆடுதுறையில் இருக்கும் நெல் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனேன். துத்தநாகக் குறை என்றார்கள்.

“நடவுக்கே போட்டேனே, சார்.”

“எதோட கலந்து போட்டீங்க?”

“டி.ஏ.பி.யோட.”

தப்பு அங்கேதான். துத்தநாகம் மணிச்சத்தோடு சேர்ந்தால் எளிதில் கரையாத உப்பாகிவிடும். சத்து மண்ணில்தான் கிடக்கும், வேருக்குக் கிடைக்காது. போதாததற்கு என் வயலில் தண்ணீர் வடியாமல் நின்றது. அதுவும் துத்தநாகத்தை முடக்கும்.

தண்ணீரை வடித்தேன். லிட்டருக்கு 5 கிராம் துத்தநாக சல்பேட்டும் 10 கிராம் யூரியாவும் கரைத்து, 15 நாள் இடைவெளியில் இரண்டு தடவை தெளித்தேன். புது இலை பச்சையாக வந்தது. ஆனால் வெடிக்க வேண்டிய நேரத்தில் வெடிக்காத தூர் திரும்ப வரவில்லை.

அடுத்த வருஷத்திலிருந்து ஆனி நடுவில் ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, பூ எடுக்கும் முன் மடக்கி உழுகிறேன். இதைத்தான் எல்லோருக்கும் முதலில் சொல்வேன். தழை அழுகும்போது உண்டாகும் அமிலங்கள் முடங்கிய சத்தை இளக்கிவிடும். ஏக்கருக்கு இரண்டரை டன் தழை மடங்கினால் 10 கிலோ துத்தநாக சல்பேட்டுக்குப் பதில் 5 கிலோவே போதும். அதைக் காய்ந்த மணலோடு கலந்து, கடைசிப் பரம்பு அடித்த பிறகு மேலாகத் தூவி நட வேண்டும். டி.ஏ.பி.யை அடியுரமாகத் தனியே போட்டுவிடுங்கள்.

நீலகிரியில் தேயிலை வைத்திருக்கும் என் மைத்துனர், மண் புளித்திருக்க வேண்டும், கார அமில நிலை 4.5-லிருந்து 5.5-க்குள் இருந்தால்தான் செடி சத்து எடுக்கும் என்பார். நம் வயலிலோ தண்ணீர் கட்டினாலே அந்த எண் 7-ஐ நோக்கிப் போகும். அவர் கணக்கு நமக்கு உதவாது. பக்கத்து வயல்காரர் கணக்கும்தான்.

அறுவடை முடிந்து வயல் காய்ந்து கிடக்கும் கோடையில், வரப்பையும் எருக்குவியலையும் விட்டுத் தள்ளி, பத்துப் பதினைந்து இடத்தில் அரையடி ஆழத்துக்கு மண் எடுத்துக் கலந்து, அரைக் கிலோவைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். உர மூட்டையை அதற்குப் பிறகு வாங்கலாம்.