கடைக்குக் கூரை மாற்றப் போகிறீர்களா?

உத்தமபாளையம் பக்கம் கடை, குடோன் கூரையை மாற்ற ஜனவரி முதல் மார்ச் வரை தோதான காலம். ஜூனில் காற்று கிளம்பிவிட்டால் ஷீட்டை மேலே ஏற்றுவதே ஆபத்து.

தரையின் சதுர அடியை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். சரிவோடு கூரையை அளக்க வேண்டும். ஷீட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் அளவும் சேரும். கொட்டேஷனில் ஷீட்டின் தடிமன் 0.50 மி.மீ. என்றிருந்தால், அது பெயின்ட்டோடு சேர்த்தா, வெறும் தகடா என்று கேளுங்கள். ஏமாறும் இடம் இதுதான். ஜி.எஸ்.டி., இறக்குகூலி, வெல்டர் கூலி எல்லாம் தனித்தனியாக எழுதி வாங்குங்கள்.

பழைய ஆஸ்பெஸ்டாஸை உடைக்காமல், நனைத்து, முழுதாக இறக்கச் சொல்லுங்கள். அதன் தூசி நுரையீரலுக்கு எமன். அடியிலிருக்கும் இரும்பு துருவேறியிருப்பது பிரித்த பிறகே தெரியும். அதற்கென்று மொத்தச் செலவில் பத்தில் ஒரு பங்காவது கையில் இருக்கட்டும். ரப்பர் வாஷர் ஸ்குரூவில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள், ஆடிக்காற்றில் ஷீட் நிற்பது அதனால்தான்.